சுதைக் கீர்த்திமுகம் உடைந்தால்

கோபுரக் கூடுகளின் (லாட வடிவ வளைவுகளின்) உச்சியில் முழி பிதுங்க நிற்கும் முகத்தைப் பலரும் யாளி என்றே சொல்கிறார்கள். யாளிக்கு உடம்பு உண்டு. இது முகம் மட்டும், பெரும்பாலும் கீழ்த்தாடைகூட இருக்காது. பெயர் கீர்த்திமுகம், சிம்மமுகம் என்றும் சொல்வதுண்டு.

கைவைக்கும் முன் பழைய முகங்களைப் பாருங்கள். கழுகுமலை வெட்டுவான் கோவிலை மலையில் மேலிருந்து கீழாகச் செதுக்கியிருப்பதால், சுற்றியுள்ள பாறையில் நின்றால் விமானக் கூடுகள் கண்மட்டத்திலேயே தெரியும்.

உதிரும் பழைய சுதையை (சுண்ணாம்புச் சாந்தை) சுரண்டி, செங்கல்லைத் தண்ணீர் குடிக்கும்வரை நனையுங்கள். இரண்டு வாரமாவது ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத சலித்த மணல் இரண்டு பங்கு. ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது; தடித்தால் மேல்தோல் மட்டும் இறுகி, உள்ளே வெடிக்கும். முதலில் கண்குழி, பிறகு புருவம். புருவ விளிம்பு கண்ணைவிட முன்தள்ளி நிற்கட்டும், அந்த நிழல்தான் முகத்துக்கு உயிர். கோரைப்பல் கடைசியில்; உள்ளே செம்புக்கம்பி கொடுங்கள், இரும்பு துருவேறிப் பல்லையே பிளந்துவிடும்.

சிமெண்ட் வேண்டவே வேண்டாம்: ஈரத்தை உள்ளே அடைத்து, பழைய சுதையையும் பெயர்த்துவிடும். ஆனி, ஆடி மேல்காற்றில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். வேறு வழியில்லையென்றால் ஈரச்சாக்கு போர்த்தி ஏழு நாள் காயவிடாமல் பாருங்கள்.