அம்மாவின் ஓசிடி ரிப்போர்ட்டை நான் பார்க்கும் விதம்

அம்மாவுக்குக் கிளாக்கோமா, பார்வை நரம்பு மெல்ல அழியும் கண் நோய். இரவுச் சொட்டு மருந்தும் ரிப்போர்ட் ஃபைலும் என் பொறுப்பு. ஓசிடி, அதாவது கண்ணின் உள்ளடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் ஸ்கேன், எடுத்த தாள் கைக்கு வந்ததும் யாருக்கும் கண் சிவப்புக் கட்டத்துக்குத்தான் போகும். அதை அப்புறம் பார்க்கலாம்.

முதலில் ஓ.டி. என்றால் வலது கண், ஓ.எஸ். என்றால் இடது. அடுத்தது சிக்னல், படம் எவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது என்பதற்கான மதிப்பெண். அம்மாவுக்கு எடுக்கும் மெஷினில் அது பத்துக்கு இத்தனை என்று வரும். ஆறுக்குக் கீழே போனால் மற்ற எண்களை நான் நம்புவதில்லை. போன வருஷம் வலது கண் சராசரி 80-லிருந்து 71-க்கு இறங்கியிருந்தது. அன்று வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. ராத்திரி தாளை மறுபடி எடுத்துப் பார்த்தால் சிக்னல் 4. கண் வறண்டு கிடந்திருக்கிறது. கண்ணீர்ச் சொட்டு விட்டு, நாலு தடவை இமைக்கச் சொல்லித் திரும்ப எடுத்தார்கள்: 79.

இந்த எண், பார்வை நரம்பைச் சுற்றியுள்ள நரம்பிழைப் படலத்தின் தடிமன். அளவு மைக்ரானில்; ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர். நல்ல கண்ணில் ஏறக்குறைய 90, 100 இருக்கும். கிளாக்கோமாவில் இழைகள் அழிய அழியப் படலம் மெலியும், பெரும்பாலும் மேலோ கீழோதான் முதலில். அதனால் சராசரியோடு அந்த இரண்டு பகுதிகளின் எண்ணையும் நோட்டில் குறித்துக்கொள்கிறேன்.

நிறம், அதே வயதுள்ள நல்ல கண்களோடு ஒப்பிட்டுப் போடுவது. 110 இருந்தவருக்கு 92 ஆனாலும் பச்சை காட்டலாம். மைனஸ் பவர் அதிகமென்றால் நோயே இல்லாமல் சிவப்பு வரலாம். ஆகவே அம்மாவின் இன்றைய எண்ணை அம்மாவின் பழைய எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும், அதுவும் ஒரே மெஷினில் எடுத்ததோடு. இரண்டு மூன்று மைக்ரான் ஏறி இறங்குவது சகஜம். ஐந்துக்கு மேல் குறைந்து, மறுபடி எடுத்தும் அப்படியே இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிடுவேன்.

இடது கண் மூன்று வருஷமாக 56, 57. அப்படியே நிற்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். டாக்டர் தலையாட்டவில்லை. இழைகள் போனாலும் ரத்தக் குழாயும் தாங்கு திசுவும் மிஞ்சும். எண் 50-ஐ ஒட்டி நின்றுவிடும், அதற்குமேல் மோசமானாலும் ஓசிடியில் தெரியாது என்றார். அந்தக் கண்ணுக்கு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தும் ஃபீல்ட் டெஸ்ட்தான் கதி. அம்மாவுக்கு அது பிடிக்காது: "வெளிச்சம் எங்கடா வருது, தூக்கம்தான் வருது." இப்போதெல்லாம் காலையில் முதல் டோக்கன் வாங்கிவிடுகிறேன், இட்லி கூட டெஸ்ட் முடிந்த பிறகுதான்.