சூஃப்ரியேர் எங்கே இருக்கிறது? ஒரு கரீபியன் சிற்றூரின் புவியியல் தகவல்களைத் திரட்டும் முறை

கரீபியன் சிற்றூர்களைத் தேடும்போது முதல் சிக்கல் பெயர்தான். செயின்ட் லூசியா தீவில் உள்ள சூஃப்ரியேரை எடுத்துக்கொள்வோம். டொமினிக்காவில் இதே பெயரில் ஒரு கிராமம் உண்டு. குவாதலூப்பிலும் செயின்ட் வின்சென்டிலும் எரிமலைகளுக்கு இதே பெயர். கந்தகப் புகை கிளம்பும் இடங்களுக்கு பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் என்பதால் இத்தனை குழப்பம். அதனால் நாட்டின் பெயரையும் சேர்த்தே தேடுங்கள்.

படி 1: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் ஊரைத் திறங்கள். வழி கண்டுபிடிக்க கூகுள் மேப்ஸ் போதும். ஆனால் தகவல் திரட்ட என் தேர்வு எப்போதும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்தான், மூலத்தைக் குறிப்பிட்டால் தரவைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

படி 2: முகவரிப் பட்டையில் 15/13.85/-61.06 என்பதுபோல வரும். முதல் எண் உருப்பெருக்கம், அடுத்தது அட்சரேகை, கடைசியில் தீர்க்கரேகை. அந்தக் கழித்தல் குறியை விட்டுவிடாதீர்கள், அதுதான் மேற்கைக் குறிக்கிறது. அது இல்லாவிட்டால் புள்ளி அரபிக்கடலில் போய் விழும். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றும்போது இன்னொரு கவனம் தேவை: எக்ஸ் என்பது தீர்க்கரேகை, ஒய் என்பது அட்சரேகை. மாற்றிக் கொடுத்தால் ஊர் அண்டார்டிகாவை ஒட்டிய கடலுக்குப் போய்விடும். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது.

சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. புள்ளி தீவின் மேற்குக் கரையில் விழ வேண்டும். தலைநகர் காஸ்ட்ரீஸ் அதற்கு வடக்கே இருக்கும். தெற்கே கரையோரமாகப் பெட்டி பிட்டோன், அதையும் தாண்டி கிரோ பிட்டோன் என்று இரண்டு சிகரங்கள் தெரிய வேண்டும். 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பகுதி அது.

படி 3: மக்கள்தொகை. ஊருக்கும் மாவட்டத்துக்கும் ஒரே பெயர். கணக்கெடுப்பு அட்டவணையில் எந்த வரி எதைச் சொல்கிறது என்று பார்த்த பிறகே எண்ணை எடுங்கள்.

அப்புறம் நேரம்: இந்திய நேரத்தைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால், கோடையிலும் மாறாது.

பின்சேர்க்கை: கிரோ பிட்டோன் உயரம் ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். யுனெஸ்கோ 770 மீட்டர் என்கிறது, வேறு பல இடங்களில் 798 மீட்டர் என்று இருக்கிறது. இரண்டையும் கலந்து சராசரி போடாதீர்கள். ஒன்றை எடுத்து, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். பெட்டி பிட்டோனுக்கு இந்தத் தொல்லை இல்லை, 743 மீட்டர்.