காலி வீட்டில் காத்திருந்த தெள்ளுப்பூச்சி: வெளிநாட்டில் புதிதாக வாடகைக்கு வந்தவர்களுக்கு

சாவி கைக்கு வந்து, பெட்டிகளை இறக்கி, தரையில் மெத்தையைப் போட்டுப் படுத்த இரண்டு மூன்று நாளில் கணுக்காலைச் சுற்றிச் சிறு சிறு சிவப்புத் தடிப்புகள் வருகின்றன. அரிப்பு தாங்கவில்லை. புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, குளிருக்குத் தோல் வறண்டுவிட்டது, ஏதோ ஒவ்வாமை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தரை முழுக்கக் கார்ப்பெட் ஒட்டிய வீடாக இருந்து, கடியும் முழங்காலுக்குக் கீழேயே நிற்கிறது என்றால் முதலில் தெள்ளுப்பூச்சியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

"எங்களிடம் நாயும் இல்லை, பூனையும் இல்லை, தெள்ளு எங்கிருந்து வரும்?" என்று எல்லோரும் கேட்பார்கள். உங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்களிடம் இருந்திருக்கும். அவர்கள் பிராணியை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள், அதன் மேலிருந்து உதிர்ந்தவை மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டன.

வீடுகளில் தொல்லை தருவது பெரும்பாலும் பூனைத் தெள்ளு என்ற ஒரே இனம். நாய் மேல் இருப்பதும் அநேகமாக அதுதான். பெண் தெள்ளு இரத்தம் குடித்துத் தேறிய பிறகு ஒரு நாளைக்கு 40, 50 முட்டைகள் வரை இடும். முட்டை முடியில் ஒட்டாது. பிராணி நடக்கிற, படுக்கிற இடமெல்லாம் உதிரும். அதிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்கு அஞ்சி கார்ப்பெட் இழைகளின் அடிக்கும் பலகை இடுக்குகளுக்கும் போய்விடும். வளர்ந்த தெள்ளு கழித்துப்போட்ட காய்ந்த இரத்தம்தான் அதற்குச் சாப்பாடு. அப்புறம் தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்ளும். கூட்டின் மேல் தூசியும் நூலும் ஒட்டிக்கொள்வதால், கண்ணில் பட்டால்கூட அதை யாரும் பூச்சிக்கூடு என்று நினைக்கமாட்டார்கள்.

தொல்லை முழுக்க இந்தக் கூட்டில்தான் இருக்கிறது. உள்ளே தெள்ளு முழுதாக வளர்ந்துவிட்டாலும் உடனே வெளியே வராது. கடிக்க ஆள் இல்லையென்றால் வாரக்கணக்கில், சூழல் தோதாக இருந்தால் ஐந்து மாதம் வரைகூட, அப்படியே கிடக்கும். காலடி அதிர்வு, உடல் சூடு, நாம் விடும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்ஸைடு இவையெல்லாம் அதற்குச் சமிக்ஞை. பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் ஒரு குடும்பம் நடமாடத் தொடங்கியதும் கூட்டம் கூட்டமாகக் கிளம்புவது இதனால்தான். வீடு பார்க்கப் போன அன்று ஒன்றுமே தெரியவில்லையே என்று நொந்துகொள்ளாதீர்கள். கால் மணி நேரம் சுற்றிப் பார்த்தால் யார் கண்ணிலும் படாது.

ஆக, இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. புதிதாக வந்தவர்கள், நம்மைச் சுத்தமில்லாதவர்கள் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து, வீட்டுக்காரரிடம் வாயே திறக்காமல் கடையில் கிடைக்கிற ஸ்ப்ரேயையெல்லாம் வாங்கி அடித்துப் பார்ப்பார்கள். இரண்டு மாதம் கழித்துச் சொன்னால் "நீங்கள் வந்த பிறகுதானே பூச்சி வந்தது" என்று பதில் வரும். அப்போது சண்டை போட உங்களிடம் ஒரு ஆதாரமும் இருக்காது.

தெள்ளுதானா என்று முதலில் பாருங்கள்

மூட்டைப்பூச்சிக்கும் தெள்ளுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஆள் மாறினால் பணமும் நேரமும் வீண். மூட்டைப்பூச்சி இரவில், படுக்கையில், கை, கழுத்து, முகம் என்று திறந்திருக்கிற இடத்தில் கடிக்கும், குதிக்காது, ஊரும். தெள்ளு பகலிலும் கடிக்கும். கணுக்காலும் கெண்டைக்காலும்தான் அதற்கு எட்டுகிற உயரம். தரையில் படுப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவராது, உடம்பு முழுக்கக் கடித்திருக்கும். பூச்சி 1.5 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். செம்பழுப்பு நிறம், சிறகு கிடையாது, பக்கவாட்டில் தட்டையான உடம்பு. விரலால் நசுக்கினால் சாகாமல் துள்ளி ஓடும்.

வெள்ளைக் காலுறையை முழங்கால் வரை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு அறையிலும் ஐந்து நிமிடம் மெதுவாக நடங்கள். தெள்ளு இருந்தால் கறுப்புப் புள்ளிகளாகத் துணியில் ஏறும். எந்த அறையில் அதிகம் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். இரவில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு விட்டு, அதன் மேல் ஒரு சிறிய விளக்கை எரியவிட்டுத் தரையில் வைக்கலாம். வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் வந்து விழுபவை சோப்புத் தண்ணீரில் மூழ்கிவிடும். இது எத்தனை இருக்கின்றன என்று கணிக்கத்தான், வீட்டிலிருந்து அவற்றை ஒழிக்கப் போதாது. சுவரோரம் மிளகுத்தூள் சிந்தியது போன்ற கறுப்புத் துகள்களைப் பார்த்தால் ஈர வெள்ளைக் காகிதத்தில் வைத்து அழுத்துங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் கழிவு, அதாவது செரித்த இரத்தம்.

பிடித்தவற்றில் இரண்டு மூன்றை ஒளிபுகும் ஒட்டுநாடாவில் ஒட்டி, தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காலுறையையும் கடித்த இடத்தையும் படம் எடுங்கள்.

வீட்டுக்காரருக்கு அன்றைக்கே எழுதுங்கள்

தொலைபேசியில் சொன்னாலும் சரி, அதன் பிறகு கட்டாயம் எழுத்தில் அனுப்புங்கள். மின்னஞ்சலோ, ஏஜென்சி கொடுத்த செயலியோ, எதுவானாலும் தேதியோடு பதிவாக வேண்டும். கோபமாக எழுதத் தேவையில்லை. குடிவந்த தேதி, முதலில் கவனித்த தேதி, எந்த அறைகள், உங்களிடம் செல்லப்பிராணி இல்லை என்பது, என்ன செய்ய வேண்டும் என்பது, எத்தனை நாளுக்குள் பதில் வேண்டும் என்பது. இவ்வளவு போதும். உதாரணமாக, இந்தப் பொருளை அந்த ஊர் மொழியில் எழுதலாம்: "இந்தத் தேதியில் குடிவந்தோம். மூன்றாம் நாளிலிருந்து வரவேற்பறையிலும் படுக்கையறையிலும் தெள்ளுப்பூச்சி இருப்பதைக் கண்டோம். எங்களிடம் பிராணிகள் இல்லை. படங்களை இணைத்துள்ளோம். உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தை அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். முந்தைய குடித்தனக்காரர்கள் போன பிறகு பூச்சிமருந்து அடித்திருந்தால் அந்த ரசீதின் நகலைத் தாருங்கள்." இதில் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பிராணி வைத்திருந்தவர்கள் காலி செய்யும்போது மருந்து அடித்துவிட்டுப் போக வேண்டும் என்று பல வாடகை ஒப்பந்தங்களிலேயே இருக்கும். ரசீது இல்லையென்றால் பேச்சு உங்கள் பக்கம் சாயும்.

செலவு யாருடையது என்பது நாட்டுக்கு நாடு, சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். குடிவந்த புதிதிலேயே வெளிப்பட்ட தெள்ளு முன்பிருந்தே இருந்தது என்று வாதிடுவது எளிது, நாள் ஆக ஆகக் கடினம். குடிவரும்போது வீட்டின் நிலைமை பற்றி நிரப்பித் தரச் சொன்ன படிவம் இன்னும் உங்கள் கையில் இருந்தால் அதிலும் இதை எழுதிவிடுங்கள். பதில் வரவில்லை என்று வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், அது வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்குக் காரணமாகிவிடும். வாடகைதாரர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் அமைப்புகள் பல நகரங்களில் உண்டு, அங்கே கேட்டுவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

வாக்யூம்தான் முதல் ஆயுதம்

பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களைச் சும்மா விட வேண்டாம். நல்ல வாக்யூம் கிளீனர் ஒன்றை வாங்குங்கள், அல்லது இரவல் கேளுங்கள். தினமும் ஒரு முறை, முதல் இரண்டு வாரம் விடாமல் போடுங்கள். நடு அறையைவிட முக்கியமானவை சுவரோரம், சோபாவின் அடி, அலமாரிக்குப் பின்புறம், படிக்கட்டின் மூலைகள். முன்பிருந்த நாயோ பூனையோ எங்கே படுத்திருக்கும் என்று யோசியுங்கள்: வெயில் விழும் ஜன்னலடி, ஹீட்டர் பக்கம். முட்டையும் அங்கேதான் அதிகம். வாக்யூம் முட்டையையும் புழுவின் உணவையும் உறிஞ்சிவிடும். அதன் அதிர்வில் கூட்டுக்குள் கிடப்பவை ஆள் வந்துவிட்டது என்று வெளியே வரும். நமக்கு வேண்டியதும் அதுதான். வேலை முடிந்ததும் பையை எடுத்து, பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டி, வெளியே உள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள். பை இல்லாத மாடல் என்றால் வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள்.

படுக்கை விரிப்பு, போர்வை, தரைவிரிப்பு எல்லாவற்றையும் துணி தாங்கினால் 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, டிரையரில் நல்ல சூட்டில் காயவிடுங்கள். இன்னும் பிரிக்காத பெட்டிகளைக் கார்ப்பெட்டில் வைக்காமல் குளியலறை, சமையலறை போன்ற வழுவழுப்பான தரைக்கு மாற்றிவிடுங்கள். கார்ப்பெட்டைத் தண்ணீர் விட்டு ஷாம்பூ போடும் யோசனையை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம். சரியாக உலராவிட்டால் அந்த ஈரம் புழுவுக்குத்தான் வசதி. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் அது பிழைப்பது கடினம். குளிர்காலம் வந்தால் தானாகச் செத்துவிடும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் அதற்குக் குளிர்காலமே கிடையாது.

மருந்து அடிப்பது

ஆள் வந்து அடித்தால் நல்லது. நீங்களே வாங்குவதானால் டப்பாவின் மேல் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள்: வளர்ந்த பூச்சியைக் கொல்லும் மருந்து, அதோடு முட்டையும் புழுவும் வளராமல் தடுக்கும் மெத்தோப்ரீன் அல்லது பைரிப்ராக்ஸிஃபென். இந்த இரண்டாவது இல்லாத மருந்தை அடித்தால் இன்றைக்கு இருப்பவை சாகும், அடுத்த கூட்டம் அப்படியே வரும். பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனைக்கும் மீனுக்கும் விஷம். வீட்டில் மீன்தொட்டி இருந்தால் காற்றுப் பம்பை நிறுத்தி, தொட்டியை மூடிவிட்டு அடிக்க வேண்டும். மருந்து முழுதாகக் காயும் வரை குழந்தைகளை உள்ளே விடாதீர்கள்.

அறை நடுவில் வைத்துப் புகையைப் பீய்ச்சும் டப்பாக்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. சோபா அடிக்கும் கட்டில் அடிக்கும் மருந்து போகாது, தெள்ளு இருப்பதோ அங்கேதான். அடுப்பின் சிறு தீ அணைக்கப்படாமல் இருந்தால் பற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. காதுக்குக் கேட்காத ஒலியால் பூச்சியை விரட்டுவதாகச் சொல்லும் கருவிகள் தெள்ளிடம் செல்லாது. ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த பூச்சிமருந்தைத் தொடவே தொடாதீர்கள். அந்த நாட்டில் பதிவாகாத மருந்து என்றால் சட்டப்படியும் சிக்கல்.

மருந்து அடித்த மறுநாளும் கடித்தால் ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். கூட்டுக்குள் இருப்பதை எந்த மருந்தும் லேசில் எட்டாது. அவை வெளியே வந்து மருந்து பட்ட தரையை மிதித்தால்தான் சாகும். இரண்டு மூன்று வாரம் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்துகொண்டிருக்கும். இந்தச் சமயத்தில் பலர் செய்வது, நண்பர் வீட்டில் போய் ஒரு மாதம் தங்கிவிடுவது. வீடு காலியானால் கூட்டுக்குள் இருப்பவை பழையபடி காத்திருக்கத் தொடங்கும், மருந்தின் வீரியம் மட்டும் குறைந்துகொண்டே போகும். கஷ்டம்தான், ஆனாலும் வீட்டிலேயே இருந்து, நீளக் காலுறை போட்டுக்கொண்டு எல்லா அறையிலும் நடமாடுங்கள். மருந்துக்குப் பிறகு எப்போது மறுபடி வாக்யூம் போடலாம் என்பதை மட்டும் அடித்தவரிடம் கேளுங்கள், அல்லது லேபிளைப் பாருங்கள். மருந்துக்கு மருந்து அது மாறும்.

உடம்புக்கு

பூனைத் தெள்ளு மனிதர்கள் மேல் குடியிருக்காது, கடித்துவிட்டுப் போய்விடும். பிள்ளைகளின் தலைக்குப் பேன் மருந்து போடுவதில் பயனில்லை. குளிர்ந்த ஒத்தடம், கேலமைன் லோஷன், தேவைப்பட்டால் மருந்துக்கடையில் கேட்டு ஒவ்வாமை மாத்திரை. நகத்தால் சொறிந்து புண்ணானால் அதில் சீழ் பிடிக்கும், குழந்தைகளின் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். தெள்ளு சில காய்ச்சல்களைப் பரப்பக்கூடியது. அதனால் கடிக்குப் பிறகு காய்ச்சல், கடும் தலைவலி, உடம்பில் செம்புள்ளி என்று ஏதாவது வந்தால் மருத்துவரிடம் போய், தெள்ளு கடித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நாயோ பூனையோ வளர்க்க ஆசையிருந்தால் வீடு தெளிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே இருந்தால் கால்நடை மருத்துவர் தரும் மருந்தை அதற்கும் அதே நாளில் தொடங்க வேண்டும். நாய்க்கான மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்தாகலாம். எல்லாம் செய்தும் ஒரு மாதத்துக்கு மேல் குறையவே இல்லையென்றால், பரணிலோ வீட்டுக்கு அடியிலோ எலி, தெருப்பூனை ஏதாவது குடியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவை நுழையும் வழியை அடைப்பது பொதுவாக வீட்டுக்காரர் வேலை.

வெள்ளைக் காலுறைச் சோதனையை வாரம் ஒரு முறை செய்து, ஒரு மாதம் தொடர்ந்து ஒன்றும் ஏறவில்லை என்றால் முடிந்தது. மருந்து அடித்த ரசீது, மின்னஞ்சல்கள், படங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். நீங்கள் வீட்டைக் காலி செய்யும் நாளில் டெபாசிட்டில் பூச்சிமருந்துச் செலவைப் பிடிக்கப் பார்த்தால் எடுத்துக் காட்ட அதுதான் இருக்கும்.