ஏ9-ஐப் பார்த்துச் சில்லு வாங்காதீர்கள்: சொகுசு ஜீப் எடுப்பவர்கள் வன்னியில் விடும் தவறுகள்

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போன ஒரு வைகாசியில்தான் இந்தப் பாடம் கிடைத்தது. மச்சான் கொழும்பில் புதிதாக எடுத்திருந்த சின்னச் சொகுசு ஜீப். 19 அங்குலச் சில்லு, கறுப்பு ரிம், டயர் ரப்பர் வளையல் மாதிரி மெல்லிசு. வவுனியா கடந்து மாங்குளம் வரைக்கும் ஏ9 நெடுஞ்சாலையில் தண்ணீரில் போவது போலப் போனது. மாங்குளத்தில் கிழக்கே திரும்பி, ஒட்டுசுட்டானில் பெரியம்மாவை ஏற்றப் போனோம். அவர் வீட்டுக்குக் கிரவல் ஒழுங்கை. நடுவில் ஒரு மதகு, அதன் விளிம்பில் கொங்கிறீற் உடைந்து நீட்டிக்கொண்டிருந்தது. இருபது கிலோமீற்றர் வேகம்கூட இருக்காது. டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

டயரின் பக்கம் இரண்டு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. ரிம்மின் ஓரமும் வளைந்து போயிருந்தது. பின்பக்கத்தைத் திறந்தால் ஸ்பெயார் சில்லு இல்லை. காற்றடிக்கும் சின்ன மோட்டரும் பசைப் போத்தலும் இருந்தன. டயர் ஒட்டும் தம்பி வந்து குனிந்து பார்த்தார். “அண்ணை, ஆணி ஏறினது எண்டா ஒட்டலாம். பக்கம் வெடிச்சா ஒட்டேலாது” என்றார். அந்த அளவு டயர் பக்கத்தில் எங்கும் இல்லை. கொழும்பில் ஒருவரைப் பிடித்து, இரவு பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லி, வந்து சேர இரண்டு நாள். நாங்கள் உழவு இயந்திரப் பெட்டியில் இருந்து கோயிலுக்குப் போனோம். பெரியம்மாவுக்கு அதுதான் வசதியாக இருந்ததாம்.

2020-இல் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்த பிறகு, இந்த வகை ஜீப் எடுக்க நினைப்பவர்கள் என்னிடமும் கேட்கிறார்கள். எஞ்சினைப் பற்றியும் லீசிங்கைப் பற்றியும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். சில்லு எத்தனை அங்குலம் என்று கேட்டால், “பெரிசுதானே வடிவு” என்று முடித்துவிடுவார்கள்.

“பெரிய சில்லு எண்டா ஜீப் உயரும்”

நான் அதிகம் கேட்ட பிழை இதுதான். கிரவல் ரோட்டுக்கும் மாரி வெள்ளத்துக்கும் உயரம் வேண்டும், அதனால் பெரிய சில்லு எடுக்கிறேன் என்பார்கள். உயராது.

டயரின் பக்கத்தில் 235/65 R17 என்று எழுதியிருக்கும். 235 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம். அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இது ஆடி கியூ5-க்கு வரும் சிறிய சில்லு. அதே ஜீப்புக்கு 235/60 R18, 235/55 R19, 255/45 R20 என்றும் வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 17 அங்குலச் சில்லின் மொத்த விட்டம், டயரோடு சேர்த்து, 737 மில்லிமீற்றர். 18-க்கு 739. 19-க்கு 741. 20-க்குத் திரும்பவும் 738 அளவில் வந்து நிற்கிறது. நிலத்துக்கும் வாகனத்தின் அடிக்கும் இடையில் கிடைப்பது விட்டம் கூடியதில் பாதிதான் என்பதால், ஆகக் கூடிய வித்தியாசம் 2 மில்லிமீற்றர். அடுக்கி வைத்த இரண்டு ரூபாய்க் குற்றி அளவுகூட வராது.

அப்போ எது மாறுகிறது? ரப்பர் குறைகிறது. 17-இல் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே 153 மில்லிமீற்றர் சுவர் இருக்கிறது. 20-இல் 115. கிட்டத்தட்ட நாலு சென்ரிமீற்றர் ரப்பரும் காற்றும் போய், அந்த இடத்தில் அலுமினியம் வந்து உட்காருகிறது. பிஎம்டபிள்யூ எக்ஸ்1-இன் 2015 மொடலை எடுத்தால் அங்கே சுவர் முதலிலேயே சிறிது: 225/55 R17-க்கு 124 மில்லிமீற்றர், 225/45 R19-க்கு 101.

பள்ளத்தின் விளிம்பில் சில்லு மோதும்போது அந்தச் சுவர்தான் மடங்கி அடியை வாங்குகிறது. சுவர் சிறிதானால் மடங்க இடம் இல்லை. ரிம்மின் ஓரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் ரப்பர் பாக்குவெட்டியில் அகப்பட்ட பாக்கு மாதிரி நசிபடும். உள்ளே இருக்கும் நூல் அறுந்தால் சில நாளில் பக்கத்தில் முட்டை மாதிரி வீங்கும். வீங்கிய டயரை ஓட்டுவதற்குப் பெயர் துணிச்சல் இல்லை. கழற்றிவிடுங்கள்.

ஏ9-இல் ஓட்டிப் பார்ப்பது

ஜீப் வாங்கும்போது ஓட்டிப் பார்ப்பது எங்கே? கொழும்பில் காப்பெற் வீதியில். கொண்டு வருவது எதில்? ஏ9-இல். இரண்டு இடத்திலும் 20 அங்குலச் சில்லு சொர்க்கம்தான். உண்மையில் அது நன்றாகவும் இருக்கும்: ஸ்டியரிங் திருப்பியதும் உடனே திரும்பும், வளைவில் டயர் ஆடாது. பெரிய சில்லை நான் வெறும் பகட்டு என்று தள்ளவில்லை. ஆனால் நகரத்துக்கு வெளியே எங்கள் வேக எல்லை 70. அந்த வேகத்தில், நேராகக் கிடக்கும் வன்னி ரோட்டில், வளைவில் ஆடாத டயருக்கு என்ன வேலை?

உங்கள் பாதையில் ஆக மோசமான ஐந்து கிலோமீற்றர் எதுவோ, அதற்குத்தான் சில்லு எடுக்க வேண்டும். கிளிநொச்சி நகரத்திலேயே வீடு, வாசல் வரை கொங்கிறீற், போவது யாழ்ப்பாணமும் கொழும்பும் என்றால் 18 போதும். ஆசைக்கு 19-உம் எடுக்கலாம், நான் மறிக்க மாட்டேன். துணுக்காய், மல்லாவி, நெடுங்கேணி, முத்தையன்கட்டுப் பக்கம் உள்வீடு என்றால் 17. இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. குளக்கட்டு ரோட்டில் தினமும் வயலுக்குப் போகிறவர் 20 அங்குலம் கேட்டால், அவருக்கு ஜீப் வயலுக்கா கலியாண வீட்டுக்கா என்று முதலில் கேட்டுக்கொள்ளலாம்.

கிரவல் ரோட்டில் இன்னொன்றும் உண்டு. லொறியும் உழவு இயந்திரமும் ஓடி ஓடி ரோட்டு வரிவரியாக அலை போட்டிருக்கும். அந்த நடுக்கத்தை முதலில் டயர்தான் வாங்க வேண்டும். மெல்லிய டயர் அதை அப்படியே மேலே அனுப்பும். அப்புறம் சொக் அப்சோபரும் புஷ்ஷும் வாங்கும். பெரிய ரிம் பெரும்பாலும் பாரமும் கூட, அதைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிற வேலையும் அவற்றுக்குத்தான். பின் இருக்கையில் இருக்கும் ஆச்சியின் இடுப்பும் கணக்கில் வரும்.

மாரியில் வேறொரு கதை. ஐப்பசி தொடங்கித் தை வரை ரோட்டில் தண்ணீர் நிற்கும். அகலக் கூடிய டயர் அந்தத் தண்ணீரைப் பிளந்து போவதை விட்டு அதன் மேலேயே வழுக்கத் தொடங்கும். 235-ஐவிட 255 கொஞ்சம் முன்னதாகவே மிதக்கும். தண்ணீருக்கு அடியில் எந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்பது அந்த ஊர் எருமைக்கு மட்டும்தான் தெரியும்.

கனடாவில் இருந்து வரும் சொந்தக்காரரின் சொல்லைக் கேட்டு 20 அங்குலம் எடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு முறை ரொறன்ரோ அத்தானிடம் கேட்டேன், குளிர்காலத்தில் உங்கள் ஜீப்புக்கு என்ன போடுகிறீர்கள் என்று. பனிக்கால டயரை ஒரு அளவு சின்ன ரிம்மில் போட்டு வைத்திருக்கிறாராம். ஏன் என்று கேட்டால், “டயர் மலிவு, பள்ளத்துக்கும் நல்லம்” என்றார். அதைத்தானே நாங்களும் சொல்கிறோம்!

வாங்கும் அன்று பார்க்காமல் விடுவது

சில்லு அளவைத் தெரிவு செய்யும் முன், அந்த அளவு டயர் எங்கே கிடைக்கும் என்று பாருங்கள். 225/65 R17 என்ற அளவை எடுங்கள். 2014-இல் வந்த லெக்சஸ் என்எக்ஸ், டொயோட்டா ஹாரியர், பல ஹொண்டா சிஆர்-வி, நிசான் எக்ஸ்-ட்ரெய்ல் எல்லாவற்றுக்கும் அந்த அளவு வருகிறது. ஒரு கடையில் இல்லாவிட்டால் அடுத்த கடையில் இருக்கும். விலையிலும் பேரம் பேச முடியும். 255/45 R20 கேட்டால் கடைக்காரர் முதலில் உங்களைப் பார்ப்பார், பிறகு தொலைபேசியை எடுப்பார்.

ஸ்பெயார் சில்லு இருக்கிறதா என்று பின்பக்கத்தைத் தூக்கிப் பாருங்கள். பசைப் போத்தல் ஆணித் துளையை அடைக்கும். பக்கம் கிழிந்தால் அது வெறும் போத்தல். சில ஜெர்மன் ஜீப்புகளில் ரன்-பிளாட் டயர் வரும். காற்றுப் போனாலும் பொதுவாக மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேற்படாமல் 80 கிலோமீற்றர் வரை ஓடலாம் என்பது அதன் கணக்கு. நடு இரவில் யானை நடமாடும் ரோட்டில் இறங்கி நிற்காமல் போக அது உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் சுவர் தடிப்பும் விறைப்புமாக இருக்கும், கிரவலில் குலுக்கல் கூடும், காற்றில்லாமல் ஓடிய பிறகு ஒட்டிப் பாவிக்கவும் கூடாது. 19 அங்குலமும் ரன்-பிளாட்டும் சேர்ந்தால் கட்டை வண்டிதான்.

ஜப்பானில் இருந்து ரீகண்டிஷனாக வரும் ஜீப்பில் டயர் புதிசு மாதிரி மினுங்கும். ஏமாறாதீர்கள். பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது கிழமையில் செய்தது. ‘ஸ்டட்லெஸ்’ என்று இருந்தால் அது பனிக்கான டயர், ரப்பர் மெதுமை. சித்திரை வெயிலில் எங்கள் தாரில் ஓடினால் அழிறப்பர் மாதிரித் தேயும்.

அளவுக்குப் பின்னால் வரும் இலக்கத்தையும் பாருங்கள். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 104 என்றால் 900. வாகனத்துக்குச் சொன்னதைவிடக் குறைந்ததை மலிவு என்று போடக் கூடாது. ஐந்து பேரும் இரண்டு மூட்டை அரிசியும் ஏறுகிற வாகனம்.

“ஓட்டை ஐஞ்சும் பொருந்துது, போடலாம்”

பெரிய சில்லோடு ஜீப் வந்துவிட்டது, 17-க்கு மாற்றுவோம் என்று ரிம் தேடிப் போகிறவர்கள் விழும் குழி இது. டொயோட்டா, லெக்சஸ், ஹொண்டா ஜீப்புகள் பலவற்றில் ஐந்து நட் ஓட்டை, அவை 114.3 மில்லிமீற்றர் வட்டத்தில். ஆனால் நடு ஓட்டை வேறு: டொயோட்டா, லெக்சஸுக்கு 60.1, ஹொண்டாவுக்கு 64.1. டொயோட்டா ரிம் ஹொண்டாவில் ஏறவே ஏறாது. ஹொண்டா ரிம் டொயோட்டாவில் ஏறும், ஆனால் நடுவில் தொளதொளவென்று நிற்கும். வளையம் போடாவிட்டால் ஸ்டியரிங் நடுங்கும். நட்டும் அப்படித்தான். ஹொண்டாவின் நட்டுக்கு அடி உருண்டை. டொயோட்டாவின் பல அலாய் ரிம்களுக்குத் தட்டை வாசர் வைத்த நட். வெளியில் விற்கும் ரிம்களுக்குப் பெரும்பாலும் கூம்பு. மாற்றிப் போட்டால் இறுக்கின மாதிரி இருக்கும், இறுகியிராது. நட் இறுக்கும் சாவியின் மேல் ஏறி நின்று மிதிக்கும் பழக்கமும் இதற்கு மருந்து இல்லை. சரியான நட்டைப் போட்டு, நூறு கிலோமீற்றருக்குள் ஒருமுறை திரும்ப இறுக்கம் பாருங்கள்.

சின்னதாக்கவும் எல்லை இருக்கிறது. முன் பிரேக் பெரிதானால் 17 ரிம்மின் உட்பக்கம் அதில் உரசும். உங்கள் மொடலுக்கு, உங்கள் எஞ்சினுக்கு, தொழிற்சாலை ஆகக் குறைய எந்த அளவு போட்டது என்று கையேட்டில் பார்த்து அதற்குக் கீழே போகாதீர்கள். மொத்த விட்டமும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். 225/50 R18 இருந்த இடத்தில், சுவர் கூட இருக்கட்டும் என்று 225/55 R18 போட்டால் விட்டம் 3 வீதத்துக்கு மேல் கூடும். வேகம் காட்டும் மீற்றர் அதற்கேற்பக் குறைத்துக் காட்டும், திருப்பும்போது மட்காட்டில் தட்டவும் கூடும். நாலு சில்லும் இழுக்கிற ஜீப் என்றால் நாலு டயரும் ஒரே அளவு, ஒரே மாதிரித் தேய்வு. ஒன்றை மட்டும் புதிசாகப் போட்டு மிச்சம் மூன்றும் தேய்ந்ததாக ஓடினால் நடுவில் இருக்கும் கியர் பெட்டி சூடாகி, டயரைவிடப் பெரிய செலவு வைக்கும்.

காற்று அளவு சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். சில்லு அளவுக்கு அளவு அது மாறலாம், ஆகவே சில்லை மாற்றினால் அதையும் திரும்பப் பாருங்கள். காலையில், ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது.

மச்சான் இப்போது 17-இல் ஓடுகிறார். முதல் மாதம் அக்கா “வேன் மாதிரிக் கிடக்கு” என்றார், பிறகு மறந்துவிட்டார். கழற்றிய 19 அங்குல ரிம் நாலும் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் சாக்குப் போர்த்திக் கிடக்கின்றன. மூன்று நல்லது, ஒன்று வளைந்தது. விற்க ஆள் தேடுகிறார். வருகிறவர்கள் எல்லாம் நாலாவதைத்தான் கேட்கிறார்கள்.