அரிசி வண்டு கறுப்பதைப் பார்ப்பது எப்படி

தண்டையார்பேட்டையில் என்னிடம் டியூஷன் வரும் பிள்ளைகளுக்கு பாக்டீரியா என்றாலே நோய்தான் ஞாபகம் வரும். அதனால் அரிசி டப்பாவில் வண்டு ஊர்ந்தால் உடனே கொட்டிவிட மாட்டேன், அந்த வண்டுக்கு உள்ளிருந்தே உதவும் ஒரு பாக்டீரியா உண்டு என்று அவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவேன். நீங்களும் செய்து பாருங்கள்.

வண்டு விழுந்த அரிசியில் இரண்டு கைப்பிடி எடுத்து, சலித்து, ஊரும் வண்டுகளை நீக்கிவிடுங்கள். மிச்சத்தைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, வாயில் மெல்லிய துணியைக் கட்டுங்கள். பார்க்க வெறும் அரிசிதான். ஆனால் தாய் வண்டு மூக்கால் அரிசியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, பிசின் மாதிரி ஒன்றால் அடைத்துவிட்டுப் போயிருக்கும். கால் இல்லாத வெள்ளைப் புழு உள்ளேயே தின்று வளர்ந்து வண்டாகத்தான் வெளியே வரும். ஏறக்குறைய ஒரு மாதம் பொறுங்கள்.

புதிதாக வந்த வண்டு செம்பழுப்பாக இருக்கும். அதை நாலு அரிசியோடு வேறு பாட்டிலில் விட்டு, தினமும் லென்ஸில் பாருங்கள். நாளாக ஆக உடம்பு கறுத்து, முதுகில் நான்கு மங்கிய ஆரஞ்சுப் புள்ளிகள் எடுப்பாகத் தெரியும்.

அந்தக் கறுப்புக்கும் ஓட்டின் கெட்டிக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலம் வேண்டும். அரிசியில் அது போதாது. வண்டின் செல்களுக்குள்ளேயே குடியிருக்கும் சோடாலிஸ் என்ற பாக்டீரியாதான் குறையை ஈடுகட்டுகிறது. ஓடு கெட்டியானதும் வண்டு தன் குடலில் இருக்கும் சோடாலிஸை அழித்துச் செரித்துக்கொள்கிறது. “அநியாயம் மிஸ்!” என்று பிள்ளைகள் கத்துவது இந்த இடத்தில்தான். பெண் வண்டின் சினைப்பையில் இருப்பவை மட்டும் தப்பித்து, முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போய்ச் சேரும்.

பாட்டிலை ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் வைக்காதீர்கள், முக்கியமாக மே மாதத்தில். ஆய்வகத்தில் சோடாலிஸ் இல்லாத வண்டு வேண்டுமென்றால், 35 டிகிரி சூட்டிலும் 90 சதவீத ஈரப்பதத்திலும் ஒரு மாதம் வைத்துத்தான் உருவாக்குகிறார்கள். அப்படிப்பட்ட வண்டின் ஓடு மெல்லியதாக, வெளிறியே இருக்கும். நம் கடலோரப் புழுக்கத்துக்கு வீட்டிலேயே நிழலான, காற்றோட்டமான மூலைதான் சரி.

பார்த்து முடிந்ததும் பாட்டிலை மூடி, சில நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டுக் கொட்டுங்கள். டப்பாவில் இருக்கும் மற்ற அரிசியை மாடியில் வெயிலில் பரப்பி, புடைத்து எடுத்தால் போதும்.