கையெழுத்துப் போட்டாச்சு, அப்புறம்? ஒப்பந்த ஷரத்துகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்திரத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் கோர்ட் அதை அப்படியே நடத்திக் கொடுக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். இன்னும் சிலர் "இதெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். இரண்டுமே தப்பு, ஏனென்றால் ஷரத்து எந்த மாதிரி ஒப்பந்தத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கோர்ட் பார்க்கும்.

முதலில் வேலை பாண்ட், அதாவது வேலையில் சேரும்போது கம்பெனி எழுதி வாங்கும் ஒப்பந்தம். ஒருவர் தொழில் செய்வதை ஒப்பந்தம் எந்த அளவுக்குத் தடுக்கிறதோ, அந்த அளவுக்கு அது செல்லாது என்கிறது 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. அதனால் வேலையை விட்டபின் போட்டிக் கம்பெனிக்குப் போகக்கூடாது என்ற ஷரத்து பொதுவாக நிற்பதில்லை, "ஆறு மாசம்தானே" என்ற வாதமும் இங்கே எடுபடாது. சரி, அப்படியானால் பாண்டே செல்லாது என்று முடிவுகட்டுவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். விஜயா வங்கி வழக்கைப் பாருங்கள்: மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்டவேண்டும் என்று ஷரத்து, 2009-இல் வேறு வங்கிக்குப் போன அதிகாரி பணத்தைக் கட்டிவிட்டு வழக்குப் போட்டு ஹைகோர்ட்டில் ஜெயித்தார், ஆனால் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வங்கி பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவர் வெளியே போவதை யாரும் தடுக்கவில்லை, வேலையில் இருக்கும் காலத்துக்குத்தான் கட்டுப்பாடு, அவருடைய சம்பளத்துக்கு அந்தத் தொகை அநியாயமும் இல்லை என்பது கோர்ட்டின் கணக்கு.

அதற்காக எழுதிய அபராதம் முழுசும் கைக்கு வந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி எழுதிய தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான நஷ்டஈடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். 1963-இல் தீர்ப்பான ஒரு டெல்லி பங்களா வழக்கில், வாங்க வந்தவர் கட்டிய 25,000 ரூபாயையும் பறிமுதல் செய்யலாம் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்தும், விற்றவர் அதில் 1,000 ரூபாய் அட்வான்ஸை மட்டும்தான் அந்த வகையில் வைத்துக்கொள்ள முடிந்தது.

எனக்கு ரொம்ப வருத்தம் தருவது, பெற்றவர்கள் மகனுக்குச் சொத்தைத் தானமாக எழுதிக்கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரம்தான். "சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டனுபவித்துக் கொள்ளவும்" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே "யாருக்கும் எப்போதும் விற்கக்கூடாது" என்று சேர்ப்பார்கள். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு முன்னால் அந்த இரண்டாவது வரி செல்லாது, சொத்து மட்டும் மகன் கைக்குப் போய்விடும். ஆயுசு வரைக்கும் அனுபவிக்கும் உரிமையைத் தனக்கென்று நிறுத்திக்கொண்டு எழுதியிருக்கலாமே! கடைசிக்காலத்தில் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பதையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யப் போனால் அந்த நிபந்தனையோடுதான் கொடுத்தீர்கள் என்று காட்டவேண்டியிருக்கும், வாய்ப்பேச்சை வைத்து அதைக் காட்டுவது லேசில்லை.

நிலம் வாங்குபவர்களுக்கு ஒன்று. "என் பத்திரத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லையே" என்பது எப்போதும் தப்பிக்க வழியாகாது. லண்டன் லெஸ்டர் சதுக்கத்துத் தோட்டத்தை வாங்கியவரும் இதைத்தான் சொன்னார், ஆனால் அங்கே கட்டடம் கட்டக்கூடாது என்ற பழைய ஷரத்து தெரிந்தே வாங்கினார் என்பதால் 1848-இல் கோர்ட் அவரைத் தடுத்தது. நம் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவும் கிட்டத்தட்ட அதே வழிதான். ஆகவே மூலப்பத்திரங்களையும் வாங்கிப் படியுங்கள். "ரோட்டைப் பராமரிக்கவேண்டும்" மாதிரி செலவு வைக்கும் ஷரத்து மட்டும் அடுத்து வாங்குபவரைத் தானாகத் தொடராது, அவரிடம் தனியாகக் கையெழுத்து வாங்கவேண்டும்.