மட்டக்களப்பில் கூத்துப் பார்க்கப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளின் ஆடி, ஆவணி விடுமுறையை நம்பிப் போனால் விடிய விடிய ஆடும் கூத்து அகப்படுவது அரிது. மார்கழியில் மழையும் வயல் வேலையும். பெரும்போக அறுவடை முடிந்து, ஆட்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்த பிறகுதான் ஊர் கூத்துக்கு இறங்கும். பங்குனியிலிருந்து வைகாசி வரை என்று வையுங்கள். ஈஸ்டர் விடுமுறை அதற்குள் வந்துவிடும்.

நகரத்திலேயே பார்க்க வேண்டுமென்றால், கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று கூத்தைச் சுருக்கி மேடையேற்றினார். அந்த வழியில் வந்த மேடைக்கூத்துகளில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நம் அம்மாமார் பாய் கொண்டுபோய் இடம் பிடித்த கூத்து வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், வட்டக்களரி என்கிற வட்டமான ஆடுகளத்தில் ஆடப்படுகிறது. அங்கே போங்கள். கூத்தில் இரண்டு வகை: வடமோடி பெரும்பாலும் போரில் முடியும், தென்மோடி கல்யாணத்தில். எது என்று முன்பே கேட்டுக்கொண்டு போனால் கதை பிடிபடும்.

முடிந்தால் அரங்கேற்றத்துக்கு முன்பே போய்ப் பழக்கத்தை, அதாவது ஒத்திகையை, பாருங்கள். வயலிலிருந்து வந்தவர்கள் குளித்துவிட்டு வந்து, கூத்துப் பழக்கும் ஆசான் அண்ணாவியாரின் மத்தளத்துக்கு ஒரே அடியைத் திரும்பத் திரும்ப மிதிப்பார்கள். சதங்கை இல்லாத அந்தக் கால்களைப் பார்த்தால்தான் கூத்து எவ்வளவு பெரிய உழைப்பு என்பது தெரியும்.

அப்புறம், காசு. இதைக் கவனமாகப் படியுங்கள்.

நான் ஊருக்குப் போயிருந்த வருடம் அங்கே ஆடியது பாரதக் கதையில் அபிமன்னன் (அபிமன்யு) சாகும் 'பதின்மூன்றாம் போர்' கூத்து. 1990-இல் அதே கூத்துக்கு அண்ணாவியார் எனக்கு அபிமன்னன் சட்டம், அதாவது அந்த வேடத்துக்கான பாட்டு ஏடு, கொடுத்திருந்தார். அரங்கேற்றத்துக்கு முன்பே நான் நாட்டை விட்டுப் போய்விட்டேன். என் சட்டத்தை மாமாவின் மகன் எடுத்து ஆடினான். இந்த முறை அவன் அருச்சுனன், அவன் மகன் அபிமன்னன்.

களரிக்கு முன்னால் எனக்கென்று ஒரு கதிரை போட்டிருந்தார்கள். பின்னால் இருந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. நடுச்சாமத்தில் மத்தளத்தை நிறுத்திவிட்டு என்னைக் களரிக்குள் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். கோயில் மண்டபத்துக் கூரைக்கு நான் 10 இலட்சம் ரூபாய் தருவதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். என்னிடம் யாரும் கேட்கவே இல்லை. மாமாவைக் கோயில் வீதிக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன்.

"நான்தான் சொல்லிப்போட்டன் மனே. இஞ்ச இருந்து செத்தவனெல்லாம் குடுத்துப்போட்டுத்தான் போனான். நீ குடுத்தா என்ன?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வீட்டு வாடகை, பிள்ளையின் படிப்புக் கடன் எல்லாவற்றையும் அந்த இருட்டில் அவருக்குக் கணக்குச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே நின்றார். அதற்கு மேல் அங்கே இருக்க முடியாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். படுத்த இடத்திலிருந்தே, அபிமன்னன் விழுந்ததும் பிற்பாட்டுக்காரர்களின் குரல் இறங்கியதும் கேட்டது. எழுந்து போகவில்லை.

விடிந்ததும் மச்சான் முகத்தில் பூச்சோடு வந்தான். "நீ கதிரையில இருக்கிறாய் எண்டு நினைச்சு அந்தப் பக்கம் பார்த்துத்தான் அழுது பாடினன் மச்சான்" என்றான். அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை.

ஆகவே, ஊருக்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்பதைப் போவதற்கு முன்பே கோயில் நிர்வாகத்திடம் நீங்களே பேசி முடியுங்கள், உறவினர் மூலம் வேண்டாம். அண்ணாவியாருக்குக் கொடுப்பதைத் தனியாக, அவர் கையிலேயே கொடுங்கள். கதிரை போட்டால் மறுத்துவிட்டு மணலில் பாயைப் போட்டு இருங்கள். யாரோடு என்ன மனஸ்தாபம் வந்தாலும் விடியும் வரை களரியை விட்டு எழும்ப வேண்டாம்.

திரும்பும் விமானத்தை அரங்கேற்றத்துக்குப் பிறகு ஒரு கிழமையாவது தள்ளிப் போடுங்கள். அதன் பிறகுதான் வீட்டுக்கு வீடு ஆடுவார்கள், வீட்டுக்காரர் தங்களால் முடிந்ததைக் கொடுப்பார்கள். நான் மறுநாளே புறப்பட்டுவிட்டேன். எங்கள் பழைய வீட்டு முற்றத்திலும் ஆடினார்களாம். அங்கே கொடுத்தவர் பெயராக என் பெயரை வாசித்திருக்கிறார்கள். காசு கொடுத்தது மச்சான்.